காடு வேண்டாம் என்ற அம்மாவும் குளக்கட்டு மருதும்

வன்னியில் புற்றுநோயாளர்களுடன் வேலை செய்யும் உளவளத்துணையாளர் நான். கீமோ ஏற்றிக் களைத்துப் போயிருந்த ஒரு அம்மாவிடம், "காலையில காட்டுப்பக்கம் கொஞ்சம் நடந்து பாருங்கோவன்" என்றேன். "காடெண்டால் பிள்ளையளத் தூக்கிக்கொண்டு ஓடினதுதான் ஞாபகம் வரும், மகள்" என்றார். எனக்கு அப்புறம் பேச்சு வரவில்லை.

நான் சொல்ல நினைத்தது காட்டுச் சிகிச்சையை, மரங்களுக்கிடையே ஆறுதலாக இருந்து மனதை ஆற்றும் முறையை. அதற்கு அடித்தளம் 1982இல் ஜப்பானிய வனத்துறை 'ஷின்ரின் யோகு', அதாவது காட்டுக் குளியல், என்று பெயரிட்டு ஊக்குவித்த பழக்கம். வேக நடை இல்லை. இரண்டு மணித்தியாலத்தில் ஒரு கிலோமீட்டர் போனாலே அதிகம். நிற்பது, இருப்பது, பட்டையைத் தொட்டுப் பார்ப்பது, குருவிச் சத்தம் கேட்பது. மன இறுக்கம் தணிவதாகவும் நாடித்துடிப்பு குறைவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. நோயெதிர்ப்புக் கலங்கள் கூடின என்ற ஜப்பானிய ஆய்வுகள் சுகதேகிகள் சிலரிடம் செய்தவை. அதை வைத்து, காடு கட்டியைக் கரைக்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியோ மகரகமவில் உள்ளதோ, கிளினிக் திகதியைத் தவறவிடவும் வேண்டாம்.

எங்கள் சனத்துக்கு விறகும் தேனும் தந்தது காடு. ஷெல்லடிக்குள் பதுங்கியதும் அதே காட்டில்தான். அதனால் இப்போது முதலில், "எங்க இருந்தால் உங்களுக்கு மனம் ஆறும்?" என்று கேட்கிறேன். சிலர் கோயில் வீதி வேம்பைச் சொல்வார்கள். அந்த அம்மா குளக்கட்டு மருதமரத்தைச் சொன்னார். சரி, அதுவே போதும்.

சில விஷயங்களில் கட்டாயம் கவனம் வேண்டும். மிதிவெடிப் பலகை உள்ள பக்கமும் பழக்கமில்லாத ஒற்றையடிப் பாதையும் வேண்டவே வேண்டாம். விடியற்புறமும் மைம்மலும் யானை இறங்கும் நேரம். சில கீமோ மருந்துகளால் பாதம் விறைத்துப்போகும். முள் ஏறினாலும் தெரியாது. ஆகவே வெறுங்காலோடு நடக்காதீர்கள். எலும்புக்குப் பரவியிருந்தால் மேடுபள்ளத்தில் இறங்குமுன் டொக்டரைக் கேளுங்கள். பல கீமோ முறைகளில் மருந்து ஏற்றி 7 முதல் 14 நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். அந்த நாட்களில் வீட்டு முற்றத்து நிழலே போதும். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், இரவென்றாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்த அம்மா முதல் நாள் மருதின் வேரில் பத்து நிமிடம்தான் இருந்தார். காட்டுக்கு முதுகு காட்டி, தண்ணீரைப் பார்த்தபடி. நானும் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். மூன்றாம் கிழமை மெல்லத் திரும்பி, தூரத்துக் காட்டை நாடியால் காட்டினார்.

"அங்கால பாலை பழுத்திருக்கும் இப்ப. பேரனிட்ட ஒரு கை பிடுங்கிவரச் சொல்லட்டே?"

"சொல்லுங்கோ அம்மா. வடிவாக் கழுவித்தான் சாப்பிடவேணும்" என்றேன்.