வாஷிங்டன் ஒப்பந்தம்: உங்கள் பி.இ. பட்டம் அதில் அடங்குமா?

பொறியியல் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளில் "என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்ற வரியைக் காணாமல் கலந்தாய்வுக் காலம் கழிவதில்லை. அந்த அங்கீகாரம் இருந்தால் வெளிநாட்டில் பட்டம் செல்லும் என்று பெற்றோர் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

ஒரு நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் தம் நாட்டுப் பட்டத்துக்கு நிகரானதாக ஏற்பதற்காக, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய 6 நாடுகளின் பொறியியல் அமைப்புகள் 1989-இல் செய்துகொண்டதே வாஷிங்டன் ஒப்பந்தம். இந்தியாவின் சார்பில் தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ., 2014 ஜூன் 13 அன்று இதில் நிரந்தர உறுப்பினரானது.

கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு முதற்காரணம், என்.பி.ஏ. கல்லூரிக்கு அன்றி ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, காலவரையறையுடன் அங்கீகாரம் வழங்குகிறது என்பதாகும். ஒரே வளாகத்தில் மெக்கானிக்கல் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கும். சென்ற ஆண்டு தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இருக்காது, ஏனெனில் மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகே ஒரு பிரிவு விண்ணப்பிக்க முடியும். (முழுக் கல்லூரியையும் மதிப்பிட்டு 'ஏ', 'ஏ பிளஸ்' என்று தரம் தருவது நாக் அமைப்பு, அதற்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் தொடர்பில்லை.)

இரண்டாவது காரணம்தான் பலருக்கும் தெரியாதது. என்.பி.ஏ. அங்கீகாரத்தில் டயர்-1, டயர்-2 என இரு வகைகள் உண்டு. பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் வகையிலும், பல்கலைக்கழகம் வகுக்கும் பாடத்திட்டத்தையே நடத்தும் இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் வகையிலும் விண்ணப்பிக்கின்றன. வாஷிங்டன் ஒப்பந்தம் டயர்-1 பிரிவுகளுக்கே பொருந்தும். விளம்பரப் பலகையில் இந்த வேறுபாடு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எனவே, சேரும் முன்பே என்.பி.ஏ. இணையதளத்தில் பாடப்பிரிவு, டயர் வகை, அங்கீகாரம் செல்லுபடியாகும் ஆண்டுகள் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது; படித்து முடிக்கும் ஆண்டு அந்தக் காலத்துக்குள் வராவிட்டால், புதுப்பிக்கப்பட்டதா என்பதைப் பின்னர் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த அங்கீகாரம் பாடத்திட்டத்தோடு நிற்பதில்லை. பலதுறைக் குழுவில் ஒருவராகவும் தலைவராகவும் பணியாற்றுதல், தெளிவான அறிக்கை எழுதுதல், தொழில் அறம், திட்ட மேலாண்மை ஆகிய திறன்களை மாணவர் அடைந்தார்களா என்பதைக் கல்லூரி சான்றுகளுடன் காட்ட வேண்டும். ஆகவே புராஜெக்ட் அறிக்கையை முந்தைய அணியிடமிருந்து வாங்கிப் பெயர் மாற்றிக் கொடுப்பவர், பட்டத்தைப் பெற்றாலும் அது உறுதியளிக்கும் திறனைப் பெறுவதில்லை.

ஒப்பந்தம் தருவது கல்வித் தகுதிக்கான ஏற்பு மட்டுமே. விசா, வேலை, தொழில் உரிமம் ஆகியவை அதில் அடங்கா. அமெரிக்காவில் உரிமம் பெற்ற பொறியாளராக, மாநில விதிகளின்படி தேர்வுகளும் பணி அனுபவமும் வேண்டும். ஜெர்மனியில் வெளிநாட்டுப் பட்டங்களை 'அனாபின்' என்ற தரவுத்தளத்தின் வழியே சரிபார்க்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் அடங்காத பட்டம் பெற்றவர்களுக்கும் வழி அடைபடுவதில்லை, ஆனால் நீள்கிறது. உதாரணமாக, ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்கான திறன் மதிப்பீட்டில், அவர்கள் தம் பொறியியல் பணிகளைப் பற்றி மூன்று விரிவான கட்டுரைகள் அடங்கிய திறன் விளக்க அறிக்கையைத் தாமே எழுதி, 'இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா' அமைப்பிடம் அளிக்க வேண்டும்.