வேலிக்காத்தானின் கழுத்து

புவனகிரிக்குக் கிழக்கே எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலம் இருக்கிறது. அப்பா படுத்த படுக்கையான பிறகு ஆறு வருஷம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. கடைசியில் போய்ப் பார்த்தால் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. எங்கும் வேலிக்காத்தான். தெற்கத்திக்காரர்கள் சீமைக்கருவேலம் என்பார்களே, அதே மரம்தான்.

விறகு வெட்டுகிறவர்கள் வந்தார்கள். கூலி வேண்டாம், கட்டையை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்குக் கசக்குமா? தை மாதம் தரையோடு தரையாக அறுத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். ஆடியில் போய்ப் பார்க்கிறேன், ஒவ்வொரு தூரிலும் பத்துப் பன்னிரண்டு கிளைகள், நெஞ்சு உயரத்துக்கு. முன்னாவது ஒரு தூருக்கு ஒரு மரம்தான் இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? செடியின் நுனிக் குருத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் சுரந்து கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழே உள்ள பக்க மொட்டுகள் தூங்கும். 1930-களில் திமான், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் அவரை வகைச் செடியொன்றின் நுனியைக் கிள்ளினார்கள். பக்க மொட்டுகள் கிளம்பின. கிள்ளிய இடத்தில் ஆக்சினைத் தடவினார்கள். மொட்டுகள் அடங்கிக் கிடந்தன. ரோஜாவைக் கவாத்து செய்வதும் இதே கணக்குதான். நாம் அரிவாளை ஓங்கும்போது செடிக்குப் போகிற சேதி, ‘அதிகாரி மாற்றலாகிவிட்டார், எல்லாரும் எழுந்திருங்கள்’ என்பதுதான். எழுந்த மொட்டுகளுக்குச் சாப்பாடு போட, வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்து இருக்கிறது. அதனால் விதையிலிருந்து முளைக்கும் கன்றைவிட வெட்டிய தூர் பல மடங்கு வேகமாகத் துளிர்க்கிறது.

அடுத்ததாக எல்லாரும் சொன்ன வைத்தியம், ‘வேரோடு பிடுங்கணும்.’ அது நடக்கிற காரியமா? அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளத்தில், இந்த மரத்தின் நெருங்கிய உறவுக்கார மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். சிதம்பரத்துக் கோபுரத்தைத் தலைகீழாக இறக்கினாலும் அந்த ஆழத்தை எட்டாது.

நல்லவேளை, எட்ட வேண்டியதும் இல்லை. இதை எனக்குக் காட்டியவர் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர். தூரைச் சுற்றி மண்வெட்டியால் மண்ணை விலக்கினார். அப்புறம் கையாலேயே வழித்தார். தரைக்கு மேலே கரடுமுரடாக இருந்த பட்டை, ஒரு சாண் கீழே போனதும் சொரசொரப்பு குறைந்து செம்பழுப்பாக மாறியது. அந்த இடத்துக்குச் சற்று மேலே அடிமரம் லேசாகப் புடைத்து, மருமருவாகப் பொரிந்திருந்தது. “தம்பி, தலைய வெட்டுனா இது சாவுமா? உசுரு இந்தக் கழுத்துல இருக்கு. இதுக்குக் கீழ வெட்டுங்க, வேரு உள்ளயே மக்கிடும்” என்றார்.

தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. இந்த மரத்தில் உறங்கும் மொட்டுகள் தண்டில்தான் உண்டு, வேரில் கிடையாது. தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடம், அதாவது கன்றாக இருந்தபோது முதல் இரண்டு விதையிலைகள் ஒட்டியிருந்த கணுதான் எல்லை. வருஷக்கணக்கில் மண் படியப் படிய அந்தக் கணு மண்ணுக்குள் போய்விடுகிறது. நம் கண்ணுக்கு வேராகத் தெரிவதில் மேல்பகுதி உண்மையில் புதைந்த தண்டு. பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள் அது முடிந்துவிடும். வெள்ளத்தில் வண்டல் ஏறுகிற ஆற்றோரங்களில் இன்னும் கீழே போகலாம்.

இது புரிந்ததும் ஊரில் செய்கிற பல வேலைகளின் பலவீனம் புரிந்துவிட்டது. தூருக்கு மேல் சருகைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது, சில அங்குலத்துக்குக் கீழே சூடு போய்ச் சேர்வதில்லை. தூரில் கல் உப்பைக் கொட்டுகிறார்கள்; பரங்கிப்பேட்டை உப்பங்கழி ஓரத்திலேயே செழித்து நிற்கிற மரத்துக்கு அது ஊறுகாய் மாதிரி. ஜேசிபி நல்ல ஆயுதம்தான், ஆனால் ஓட்டுபவர் அவசரத்தில் மரத்தை முட்டித் தள்ளினால் கழுத்துக்கு மேலே முறிந்து, மொட்டெல்லாம் பத்திரமாக மண்ணுக்குள் தங்கிவிடும். ஆழமாகக் கெல்லினாலோ மேல்மண் அடியில் போய், களி மேலே வந்துவிடும். கட்டைக்கு வெட்டுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மண்ணில் பட்டால் ரம்பம் மழுங்கும், தவிர மூன்று வருஷத்தில் மறுபடியும் விறகு வேண்டாமா?

நான் கடப்பாரையும் ஆளும் வைத்தேன். மாசியில் ஆரம்பித்தோம். நமக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அது வடிந்து ஈரம் பதமாக இருக்கும் காலம் அது. சித்திரை வந்துவிட்டால் இந்தக் களிமண்ணில் கடப்பாரை துள்ளும்.

காற்றின் ஈரத்தை இந்த மரம் உறிஞ்சுகிறது, அதனால்தான் மழை இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புவதில்லை. நிலத்தடி நீரை இழுத்து இலை வழியாகக் காற்றில் விடுவதுதான் எல்லா மரங்களையும் போல இதன் வேலை; குற்றம் நிலத்தடி நீரை இழுப்பதில் இருக்கிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரத்தை 1870-களின் கடைசியில் விறகுக்காகக் கடப்பைப் பக்கம் கொண்டுவந்து நட்டவர்கள், வறட்சியைத் தாங்கும் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். தாங்கிக்காட்டியது, அவ்வளவுதான்.

எல்லாப் புதருக்கும் கழுத்து ஒரே இடத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரப்போரத்தில் இருந்த வடலிகளை நான் விட்டுவிட்டேன். பனங்கன்றின் வளர்நுனி பல வருஷம் மண்ணுக்குள்ளேயே இருக்கும், மட்டையை எத்தனை முறை கழித்தாலும் நடுவிலிருந்து குருத்து வரும். கோரையோ இன்னும் விஷமம். அதன் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்திருக்கும், பெரும்பாலானவை தூங்கும். டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் விட்டுச் சங்கிலியை அறுத்தால் அத்தனையும் விழித்துக்கொள்ளும். தூரெடுத்த குழிகளைச் சமப்படுத்த அவசரப்பட்டு ரொட்டவேட்டர் விட்டு, அந்தப் பாடத்தையும் காசு கொடுத்துக் கற்றேன்.

இப்போது பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறேன். வேலிக்காத்தான் கன்றுக்கு நிழல் ஆகாது. ஆனாலும் மேயவரும் ஆடு மாடு இனிப்பான காயைத் தின்றுவிட்டு வந்து சாணியும் புழுக்கையும் போடுகின்றன. கெட்டித் தோல் விதை வயிற்றுக்குள் போய்ப் பதமாகி, எருவோடு முளைக்கிறது. போன வாரம் ஒரு காய்ந்த சாணிக்குள் மட்டும் ஏழு கன்றுகள் எண்ணினேன். விரல் நீளம்கூட இல்லை. இரண்டு விதையிலைக்கும் கீழே நகத்தால் கிள்ளினேன். அதற்குக் கீழே மொட்டு கிடையாது.