வாசனை இல்லாத ரெசினும் தோலைப் பதம் பார்க்கும்

கண் இமைகள் இரண்டும் வீங்கி, செதில் செதிலாக உரிந்த நிலையில் ஒரு பெண் வந்தார். மை, ஷாம்பு, ஃபேஸ் கிரீம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டாராம், நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கைப்பையில் தொங்கிய சாவிக்கொத்தைக் கவனித்தேன். கண்ணாடி மாதிரி ரெசினுக்குள் ஒரு சோழி, கொஞ்சம் கடல் மணல். ரெசின் என்றால், ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்து ஊற்றினால் கெட்டியாக இறுகும் எபாக்சி பிசின். "நானே செஞ்சது டாக்டர், ஆறு மாசமா விக்கிறேன்" என்றார்.

கிளவுஸ் போட்டுத்தான் செய்கிறார். அப்புறம் இமைக்கு எப்படி வந்தது? செய்முறையைச் சொல்லச் சொன்னேன். சோழிக்குள் இருக்கும் காற்று, ரெசின் ஊற்றியதும் குமிழி குமிழியாக மேலே வரும். அவற்றை உடைக்க, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பிடித்துக்கொண்டு மோல்டின் மேலேயே குனிந்துவிடுகிறார். சூடுபட்ட ரெசினின் ஆவி நேராக முகத்துக்குப் போகிறது. மறுநாள், முழுதாக இறுகும் முன்பே, துருத்திக்கொண்டிருக்கும் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்க்கிறார். அந்தத் தூளும் முகத்தில்தான். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது, அதனால் அது முதலில் மாட்டிக்கொண்டது.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி வைக்கும் பேட்ச் டெஸ்ட் செய்தோம். 2 நாள் கழித்து எடுத்தபோது எபாக்சி ஒட்டிய இடம் லேசாகச் சிவந்திருந்தது. 4ஆம் நாள் தடித்து, பொடிக் கொப்புளங்கள்.

இதில் ஏமாற்றுவது தாமதம்தான். முதல் சில மாதங்கள் ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம். உடல் ஒருமுறை அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால், பெரும்பாலும் ஆயுள் முழுக்க மறக்காது. அதன்பின் ஒரு துளி போதும். பாட்டிலில் 'வாசனை இல்லாதது' என்று போட்டிருப்பதை நம்பி ஜன்னலைச் சாத்தாதீர்கள். அலர்ஜிக்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. ஹார்ட்னரும் சும்மா இல்லை, அதிலுள்ள அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் தோலை எரிக்கவும் செய்யும், அலர்ஜியும் தரும்.

அவர் போட்டது ஹோட்டல்களில் பரிமாறுகிறவர்கள் போடும் மெல்லிய பிளாஸ்டிக் கிளவுஸ். அது போதாது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த கிளவுஸ் வேண்டும், அதையும் ஒருமுறை போட்டால் தூக்கி எறிந்துவிட வேண்டும். கையில் பட்டதை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைப்பாராம். இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். அது ரெசினைக் கரைத்துத் தோலில் இன்னும் பரப்பிவிடும். உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். தேய்ப்பதானால் நன்றாக இறுகிய பிறகு, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

இன்னொன்று, தோல் சம்பந்தப்பட்டதல்ல. அவர் போனில் காட்டிய படங்களில் ஒரு கடல் விசிறியும் (விசிறி மாதிரி விரியும் ஒருவகைப் பவளம்) இருந்தது. பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுத்து விற்கக் கூடாது.

இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் பசையும் பெரும்பாலும் எபாக்சிதான், அதையும் இனி தொடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். "அப்போ இந்தச் சாவிக்கொத்து?" என்று தயங்கிக் கேட்டார். ஆறு மாதம் முன் ஊற்றியது, நன்றாக இறுகிவிட்டது. அது இருக்கட்டும் என்றேன்.