தக்காளி டோஸ்ட்டில் எண்ணெயை யார் கணக்கெடுப்பது?

எடை குறைக்க வருபவர்களிடம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வரச் சொல்வேன். காலை உணவுக்கு நேராக ‘தக்காளி டோஸ்ட் 2’ என்று இருக்கும். எண்ணெய் எவ்வளவு என்று கேட்டால், “ஆலிவ் ஆயில்தானே மேடம், நல்லதுதானே?” என்பார்கள். நல்லதுதான். ஆனால் எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. அதில் ஆலிவுக்குச் சலுகை கிடையாது.

ஸ்பெயினில் இந்தத் தக்காளி டோஸ்ட் அன்றாடச் சாப்பாடு. கட்டலோனியாவில் சுட்ட ரொட்டியின் மேல், பாதியாக நறுக்கிய தக்காளியைச் சாறு இறங்கும்வரை தேய்த்து, எண்ணெய் விட்டு, உப்புத் தூவுவார்கள். இதற்கென்றே அங்கே ஒரு வகைத் தக்காளி உண்டு. கொத்தாக நூலில் கோத்துத் தொங்கவிட்டு, குளிர்காலம் வரை வைத்துக்கொள்வார்கள். தெற்கே ஆண்டலூசியாவில் தக்காளியைத் துருவி, விழுதாக ரொட்டியில் பரப்புவதே வழக்கம். கூடவே உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியையோ சீஸையோ வைப்பதும் உண்டு.

வீட்டில் செய்ய எனக்கு ஆண்டலூசிய முறைதான் பிடிக்கும். நன்றாகப் பழுத்த தக்காளியைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியின் பெரிய கண்ணில் தேயுங்கள். சதை கிண்ணத்தில் விழும், தோல் கையில் நின்றுவிடும். நீர்த்தால் வடிகட்டியில் இரண்டு நிமிடம் விடுங்கள். ரொட்டியை எண்ணெயில்லாத தோசைக்கல்லில், சிறு தீயில், மேல்பக்கம் சொரசொரவென்று ஆகும்வரை வாட்டவேண்டும். அந்தச் சொரசொரப்பில் நறுக்கிய பூண்டுப் பல்லை இரண்டு இழுப்பு இழுத்தாலே மணம் ஏறிவிடும். மணம் இருந்தால் எண்ணெய் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

இனி எண்ணெய். பாட்டிலைச் சாய்த்து ஒரு சுற்று விட்டால், இரண்டு துண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி சர்வசாதாரணமாக விழும். ஏறக்குறைய 240 கலோரி! அந்த இரண்டு ரொட்டித் துண்டுகளே அவ்வளவு வராது. துண்டுக்கு ஒரு தேக்கரண்டி என்று அளந்து விட்டால் மொத்தம் 80தான். அடியோடு நிறுத்திவிடாதீர்கள். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் கொழுப்பில் கரைவது. கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

உப்பை விழுதில் கலக்காமல், கடைசியில் மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். ரொட்டியிலேயே உப்பு இருக்கிறது. ரத்த அழுத்தக்காரர்கள் பதப்படுத்திய இறைச்சியைத் தொடாமல் இருப்பது நல்லது. பதிலுக்கு ஒரு அவித்த முட்டை வைத்துக்கொண்டால் புரதக் குறையும் தீரும், பதினொரு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடவும் தோன்றாது.

கடையில் ‘பிரவுன் பிரெட்’ என்ற பெயரை நம்பி வாங்காதீர்கள். உறையின் பின்பக்கம் உட்பொருள் பட்டியலில் முதலில் இருப்பது முழுக் கோதுமை மாவா, மைதாவா என்று பாருங்கள். நிறம் கேரமலாலும் வரும். முழுக் கோதுமையே ஆனாலும் சர்க்கரை நோயாளிகளுக்கு அது மாவுச்சத்துதான், கணக்கில் சேரும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் தக்காளியும் பச்சைப் பூண்டும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தினசரி வழக்கமாக்க வேண்டாம்.

அலுவலகத்துக்கு எடுத்துப்போவதானால் விழுதைத் தனி டப்பாவில் கொண்டுபோங்கள். முன்கூட்டியே தடவினால் பத்து நிமிடத்தில் ரொட்டி ஊறிச் சொதசொதத்துவிடும்.