விரட்டிய டவரும் சூடாகும் போனும்

சென்ற வாரம் ஒரு புறநகர்த் தெருவுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். அலைபேசி சிக்னலை அளந்து, குறை எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது என் வேலை. 17 ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறேன். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே புகார்: வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பேச்சு பாதியில் அறுந்துபோகிறது, திரையில் 5ஜி என்று காட்டினாலும் மளிகைக் கடைக்குப் பணம் அனுப்ப மாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது. மூன்றாவது வீட்டு அம்மா தன் போனை என் கையில் கொடுத்தார். கொதிநீர் ஊற்றிய டம்ளரைப் பிடித்ததுபோல் சுட்டது. "காலையில் முழு சார்ஜ் ஏற்றினேன் தம்பி, பதினோரு மணிக்கே பாதி காலி" என்றார்.

அதே தெருமுனையில் ஒரு மொட்டை மாடியில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டவர் அமைக்கத் தொடங்கினார்கள். இரும்புக் கால்கள் நட்டாகிவிட்டது. கதிர்வீச்சு வரும், குழந்தைகளுக்கு ஆகாது என்று தெருவே திரண்டு எதிர்த்ததில் வேலை நின்றது. கால்கள் இன்னும் துருப்பிடித்து நிற்கின்றன. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் தானும் ஒருவர் என்று அந்த அம்மாவே சொன்னார். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பேரப்பிள்ளை விளையாடும் வீட்டில் யாருக்கும் வரும் பயம்தான் அது. ஆனால் அந்தக் கையெழுத்து, எந்தப் பிள்ளைக்காகப் போடப்பட்டதோ அதற்கே எதிராக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

டவர் ஏன் வீட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டியிருக்கிறது என்று புரியக் கொஞ்சம் பின்னால் போவோம். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் அலைபேசி அழைப்பு அது. அன்றைய 2ஜியில், அலையில் தகவல் போகும் ஒரு தடத்தின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். அதை எட்டுப் பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். குரல் மட்டும் போனால் போதும் என்பதால் ஒற்றை டவர் பல கிலோமீட்டரைச் சமாளித்தது. பிறகு 2010இல் 3ஜி அலைக்கற்றை ஏலம் நடந்தது. தடத்தின் அகலம் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 5,000 கிலோஹெர்ட்ஸ் ஆனது. 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் 4ஜி அறிமுகமானபோதும் நம் கைகளில் இருந்தவை பெரும்பாலும் பட்டன் போன்கள்தாம். 2016 செப்டம்பருக்குப் பிறகுதான் 4ஜி வீடுதோறும் நுழைந்தது. அதில் ஒரு தடம் 20 மெகாஹெர்ட்ஸ் வரை விரியும். 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 5ஜியில், 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது 100 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. முதல் தடத்தைப்போல் 500 மடங்கு அகலம். வேகத்தின் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

இவ்வளவு அகலமான இடம், அதிர்வெண் குறைந்த கீழ்வரிசை அலைகளில் கிடைப்பதில்லை. அங்கே நெரிசல். மேலே போகப் போக இடம் தாராளம், ஆனால் அலைக்குத் தெம்பு குறைவு. 900 மெகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர்களைத் தாண்டிச் சமையலறை வரை வரும். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே சோர்ந்துவிடும். 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மரத்தின் இலைக்கூட்டமே பெரிய தடை. அதனால் வேகம் கூடக் கூட டவர் வீட்டுக்கு நெருங்கி வந்தாக வேண்டும். ஊருக்கு வெளியே ஒன்று நட்டுவிட்டு எல்லோருக்கும் 5ஜி கொடு என்றால் எந்தப் பொறியாளராலும் முடியாது.

அந்த அம்மா வீட்டு உள்ளறையில் என் கருவி மைனஸ் 114 டிபிஎம் காட்டியது. டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். டவர் உள்ள அடுத்த தெருவில், அதேபோன்ற ஓர் உள்ளறையில் மைனஸ் 78. வித்தியாசம் 36 டெசிபல் என்றால் சிறிய எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,000 மடங்கு. டவரின் அலை நம் அறைக்கு வருவதற்குள் எவ்வளவு தேய்கிறதோ, நம் போனின் அலையும் டவரை அடைவதற்குள் ஏறக்குறைய அவ்வளவே தேயும். ஆகவே போன் கத்திப் பேச வேண்டும். 4ஜி போன் ஒன்று தன் ஆற்றலை 20 லட்சம் மடங்கு வரை ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. டவர் பக்கத்தில் இருந்தால் முணுமுணுத்தாலே கேட்டுவிடும். தூரத்தில் இருந்தால், பேசும்போதும் தரவு அனுப்பும்போதும் உச்சமான 0.2 வாட் வரை ஏறும். பேட்டரி கரைவதும் போன் சுடுவதும் பெரும்பாலும் இதனால்தான். அந்த உச்ச ஆற்றல் வெளியாவது தெருமுனையில் அல்ல, காதோரத்தில்.

உடலுக்கு என்ன ஆகும் என்பதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த அலைகளுக்கு எக்ஸ்ரேயைப்போல் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் கிடையாது. 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இவற்றை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை’ என்ற பட்டியலில் வைத்தது உண்மை. ஆனால் அப்போது அதிகமாக ஆராயப்பட்டது போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவோரைத்தான். உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டு 2024இல் வெளியான பெரிய மறுஆய்வு, போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. டவருக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு, சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். 2012 செப்டம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. டவருக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள்தாம் அதிகம் பயப்படுகிறார்கள். பஸ்ஸின் முன்விளக்கு தூரத்துச் சாலைக்கு வெளிச்சம் போடும், தன் சக்கரத்தடிக்குப் போடாது. ஆண்டெனாவும் அப்படித்தான் பக்கவாட்டில் வீசுகிறது.

நம்பாவிட்டால் அளந்து பார்க்கலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்களின் நிலையைப் பார்க்க முடியும். 4,000 ரூபாய் கட்டினால் துறையினரே வந்து அளந்து தருவார்கள். தெருவாகச் சேர்ந்து கட்டினால் வீட்டுக்கு நூறு ரூபாய்கூட வராது. மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் முன் இதைச் செய்யுங்கள் என்று நான் போகும் இடமெல்லாம் சொல்கிறேன்.

இன்னொரு பாதிப்பு பலருக்கும் தெரியாது. டவரின் வேகம் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பொது. சிக்னல் நன்றாக உள்ள போனுக்கு ஒரு துடிப்பில் 8 பிட் அனுப்பலாம்; பிட் என்பது தகவலின் மிகச்சிறிய துண்டு. மோசமாக உள்ள போனுக்கு 2 பிட்தான், அதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். காது மந்தமானவரிடம் மெதுவாக மூன்று தடவை சொல்வதைப்போல. அந்த நேரமெல்லாம் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். இருபது வீடுகள் சிக்னல் எல்லையில் தத்தளித்தால், டவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் இரவு எட்டு மணி வேகமும் சேர்ந்தே சரிகிறது.

திரையில் தெரியும் 5ஜி என்ற எழுத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் 5ஜி அமைப்புகளில், பக்கத்தில் 5ஜி வசதி இருந்தாலே அந்த எழுத்து வந்துவிடும். தரவு 4ஜியில் போய்க்கொண்டிருக்கலாம். சிக்னல் கோடுகளும் போன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில், அமைப்புகளுக்குள் போனைப் பற்றிய பகுதியில், சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் எண் இருக்கும். மைனஸ் 90க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டினால் அந்த இடத்தில் போனைக் காதில் வைத்து நீண்ட நேரம் பேசாதீர்கள். ஜன்னலோரம் வாருங்கள், ஒயர் உள்ள இயர்போன் போடுங்கள், வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை அழைப்பை இயக்குங்கள். லிஃப்டிலும் ஓடும் ரயிலிலும் இதே கவனம் வேண்டும். குழந்தையின் தலைமாட்டில் போனை வைத்துத் தூங்கும் பழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள்.

டவருக்கு இடம் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் மாடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், மாதம் இவ்வளவு வாடகை, முதலில் வரியும் பதிவுக் கட்டணமும் கட்டுங்கள்’ என்று அழைப்பு வந்தால் அது மோசடி. தொலைத்தொடர்புத் துறையோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோ இதற்கென ஆட்சேபணையின்மைச் சான்றிதழ் தருவதில்லை. டவர் அமைப்பவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும், உங்களிடம் வாங்க மாட்டார். கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். ‘உங்கள் சிம்மை 5ஜிக்கு மாற்றுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்’ என்பதும் இதே ரகம். 4ஜி சிம்மிலேயே 5ஜி கிடைக்கிறது.

அந்தத் தெருவில் அன்று மாலை இதையெல்லாம் பேசி முடிக்க இருட்டிவிட்டது. வாய்ச்சொல் போதாது, டவர் உள்ள அடுத்த தெருவில் எங்கள் கண்முன்னால் அளந்து காட்டுங்கள் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். அவர் போனையும் பக்கத்தில் வைத்து, டவரின் அலை, போனின் அலை இரண்டையும் அளப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கருவியோடு போகிறேன்.