வெல்டிங் இல்லாமல் உலோகம் பொருத்துதல்: உப்புக்காற்று ஊரில் கவனிக்க வேண்டியவை

ஒட்டிய துண்டு இரண்டு மாதத்தில் கழன்றால் எல்லோரும் பசையைத்தான் குறை சொல்வார்கள். திருகோணமலையில் பிழை பெரும்பாலும் உலோகத்தின் மேல் படிந்திருந்த உப்பில் இருக்கும். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா என்று கரையோரமாக வெளியில் கிடந்த எந்தப் பொருளிலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு உண்டு. தின்னரும் அசற்றோனும் எண்ணெயை எடுக்கும், உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் குழாய்த் தண்ணீரை எடுங்கள்.

சவர்க்காரம் போட்டுக் கழுவி, முழுதாக உலர விட்டு, அசற்றோனால் துடையுங்கள். அதன் பிறகுதான் 80 அல்லது 120 இலக்க அரத்தாள். தேய்த்த தூசியை மறுபடி அசற்றோனால் எடுங்கள். துடைக்காமல் முதலில் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் ஏறிவிடும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் வராது. தேய்த்த இடத்தில் விரல் படக்கூடாது. அலுமினியத்தில் உடனேயே ஒட்சைட்டுப் படை வளரத் தொடங்கும், ஆகவே அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.

அரல்டைட் போன்ற இரு குழாய்ப் பசையில் (ஒன்றில் பசை, மற்றதில் அதை இறுக வைக்கும் கெட்டி மருந்து) இரண்டையும் சம நீளமாகப் பிதுக்கி, நிறம் ஒன்றாகும்வரை இரண்டு நிமிடமாவது கலக்க வேண்டும். "கெட்டி மருந்தைக் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும்" என்று நினைப்பது தவறு. அளவு பிசகினால் ஒட்டு இரப்பர் மாதிரி மெத்தென்று நின்றுவிடும். எங்கள் வெக்கையில் பசை பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்னரே இறுகத் தொடங்கும், எனவே தேவையான அளவை மட்டும் கலந்துகொள்ளுங்கள். விளிம்போடு விளிம்பு முட்டவைத்து ஒட்டினால் நிற்காது. ஒன்றின் மேல் ஒன்று 12 மில்லிமீற்றராவது ஏறி இருக்க வேண்டும். பசை முழுதும் வெளியே பிதுங்கும்படி இறுக்கவும் கூடாது, இடையில் மெல்லிய படை ஒன்று தங்க வேண்டும். சாதாரண வகையை 24 மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள். வெயிலில் கிடக்கும் கறுப்பு இரும்பு 60 பாகைக்கு மேலே சுடும். அந்தச் சூட்டில் பல வீட்டுப் பசைகள் இளகும் என்பதால், வெயில் படும் இடத்துக்கு றிவெட் அல்லது ஆணியும் நட்டுமே பொருத்தம்.

பொப் றிவெட்டில், அதாவது துளைக்குள் செருகி நடுவிலுள்ள ஆணியைக் கருவியால் இழுத்து இறுக்கும் றிவெட்டில், கணக்கு முக்கியம். 3.2 மில்லிமீற்றர் றிவெட்டுக்கு 3.3 துளை. துளை பெரிதானால் றிவெட் ஆடிக்கொண்டே இருக்கும். நீளத்துக்கு, இரண்டு தகட்டின் மொத்தத் தடிப்போடு றிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 1.5 மில்லிமீற்றர் தகடு இரண்டென்றால் 3, அதோடு 4.8, ஆக 8 மில்லிமீற்றர் றிவெட் சரி. தகட்டின் ஓரத்திலிருந்து துளையின் நடுவுக்கு விட்டத்தின் இரண்டு மடங்காவது தள்ளி இருக்காவிட்டால் ஓரம் கிழியும்.

இந்த ஊரில் றிவெட்டைத் தின்பது பாரத்தைவிட வேற்று உலோகம்தான். உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகங்கள் சேர்ந்து ஒரு சின்ன பற்றரி ஆகிவிடும், வலுக்குறைந்தது கரையும். எவர்சில்வர் தகட்டில் அலுமினிய றிவெட் அறைந்தால், பெரிய தகட்டுக்கு எதிரே சின்ன றிவெட் அகப்பட்டு வெள்ளைத் தூளாகிவிடும். மாறி, அலுமினியத் தகட்டில் எவர்சில்வர் றிவெட் என்றால் சேதம் தகடு முழுக்கப் பரவுவதால் மெதுவாகத்தான் நடக்கும். அப்போதும் இடையில் பிறைமர் பூசுங்கள். பலர் கவனிக்காத இன்னொன்று: மலிவான அலுமினிய றிவெட்டுக்குள் இரும்பு ஆணித்தலை சிக்கி நிற்கும், அது துருவேறி உள்ளிருந்தே பிளக்கும். ஆணியும் அலுமினியமாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது தலையைச் சிலிக்கனால் மூடுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் உலோகத்தை அரிக்கும், மணக்காத நியூட்ரல் வகையே வேண்டும்.

செப்பு, பித்தளை, தகரத்துக்குப் பற்றாசு (சோல்டர்) பிடிக்கலாம். வயருக்கு 40 வாற்று சோல்டரிங் அயன் போதும், தகட்டுக்கு 100 வாற்றாவது வேண்டும். சூடு போதாமையே முதல் தோல்வி. சோல்டரை அயனில் வைத்து உருக்காமல், பொருளைச் சூடாக்கி அதன்மேல் உருக விடுங்கள். ஆறும்போது அசைந்தால் ஒட்டு மங்கி, மணல் மாதிரி ஆகி உடையும். சோல்டர் பிடிப்பதற்காகப் பூசும் அமில ஃபிளக்ஸைப் போட்டால் அப்பச்சோடாத் தண்ணீரிலும் பிறகு நல்ல தண்ணீரிலும் கழுவ வேண்டும். மிச்சம் நின்றால் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து அரித்துக்கொண்டே போகும். மின்சுற்றுக்கு அமிலம் கூடவே கூடாது. அலுமினியத்தில் சாதாரண சோல்டர் ஒட்டாது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

60/40 சோல்டரில் 40 பங்கு ஈயம். அது ஏறக்குறைய 190 பாகையில் முழுதாக உருகிவிடும் என்பதால் வேலைக்கு இலகு, ஆனால் சமையல் பாத்திரத்திலோ குடிநீர்க் குழாயிலோ ஒருபோதும் வேண்டாம். பிள்ளைகளின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. நாகம் பூசிய தகட்டில் காஸ் சுவாலை பிடித்தால் எழும் வெள்ளைப் புகை, சில மணித்தியாலத்தில் குளிர்காய்ச்சல் போல நடுக்கம் தரும். அந்தப் பூச்சைச் சுரண்டாமல் சுவாலை வைக்காதீர்கள்.

காஸ் சிலிண்டர், றெகுலேற்றர், பிறஷர் குக்கர், பிரேக் பெடல், சைக்கிளின் முன் கவை, வள்ளத்தில் எஞ்சின் தாங்கும் பிடி ஆகியவற்றில் எந்த வீட்டு ஒட்டும் வேண்டாம். விட்டுப்போனால் உயிர் போகும். வெறும் பெற்றோல் டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது, உள்ளே நிற்கும் ஆவி ஒரு சுவாலைக்கே வெடிக்கும். வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகும்போதும் அது பெற்றோல் நின்ற டாங்கி என்பதை, பொருளை இறக்கி வைக்கும் முன்பே சொல்லுங்கள்.