யார் அதட்டுகிறாரோ அவருக்கே முதல் பணம்: பயம் போடும் கடன் கணக்கு

கடன் கூடிப்போன வீட்டில் சம்பளப் பணம் எந்த வரிசையில் வெளியே போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். காலையில் போனில் கத்தியவருக்கு முதலில். வாசலில் வந்து நின்றவருக்கு அடுத்து. சத்தமே போடாத நகைக்கடனுக்கு, மிச்சம் இருந்தால். இந்த வரிசையைப் போட்டது குடும்பம் அல்ல, குடும்பத்தின் பதற்றம். யாரிடமிருந்து உடனே தப்பிக்க வேண்டும் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு. எந்த வட்டி வீட்டைத் தின்கிறது, எந்தத் தேதி தவறினால் தாலிச்சங்கிலி ஏலத்துக்குப் போகும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் கண்ணில் படாது.

பதற்றம் இரண்டு விதமாக வேலை செய்யும். சிலர் வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் பீரோவில் செருகிவிடுவார்கள், தெரியாத எண் என்றால் போனை எடுக்கவே மாட்டார்கள். பிரிக்காத வரை மனசுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் பழக்கமாகி, அடுத்த கடிதத்தை இன்னும் பயங்கரமாக்குகிறது. வேறு சிலர் நேர் எதிர். ஒரு நாளைக்கு இருபது முறை வங்கி இருப்பைப் பார்ப்பார்கள், அதே கூட்டலை இரவு இரண்டு மணிக்குத் திரும்பவும் போடுவார்கள். இருவரிடமும் முழுக் கணக்கு மட்டும் இருக்காது.

அதனால் முதலில் வேண்டியது சிக்கனம் அல்ல, எல்லாக் கடனையும் எழுதிய ஒரே ஒரு தாள். அதை எழுதும் முறை முக்கியம். காலை உணவுக்குப் பின், 20 நிமிடம், பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர். முதல் நாள் கூட்டல் வேண்டாம். கடிதம், அடகு ரசீது, குறுஞ்செய்தி, குழுக் கடன் அட்டை எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது மட்டும். பிரிக்க முடியாத கடிதத்தைப் பக்கத்தில் இருப்பவர் பிரித்துப் படிக்கட்டும். இரண்டாம் நாள் எழுதுங்கள்: யாருக்கு, அசல் பாக்கி எவ்வளவு, மாத வட்டி எத்தனை ரூபாய், எந்தத் தேதி, கட்டாவிட்டால் என்ன நடக்கும். நடுவில் நெஞ்சு படபடத்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடியுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். பத்து நிமிடத்தில் திரும்ப வந்து ஒரு வரியாவது எழுதிவிட்டு முடியுங்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போதே மூடி வைத்துவிட்டால், அந்தத் தாளே ஆபத்து என்று மூளை பதிந்துகொள்ளும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் சம்பளமும் மனைவியின் தையல் வருமானமும் சேர்ந்து மாதம் 32,000. கடன்கள்: வங்கி நகைக்கடன் 80,000, கிரெடிட் கார்டு 50,000, வண்டிக் கடனில் பாக்கி 42,000, மூன்று வட்டிக்கு வாங்கியது 40,000, மகளிர் குழுக் கடன் 28,000, அண்ணனிடம் கைமாற்று 30,000. மொத்தம் 2,70,000. இரவில் தூக்கத்தைக் கெடுப்பது இந்த எண்தான்.

இனி மாதக் கணக்கு. வாடகை 7,000, மளிகையும் காய்கறியும் 6,500, பால் 1,800, கேஸ் 900, இரண்டு மாத மின்கட்டணத்தில் ஒரு மாதப் பங்கு 600, பள்ளி 2,500, பெட்ரோல் 1,500, போன் 600, மருந்து 800. ஆக 22,200. கடன் தவணைகள்: குழுவுக்கு வாரம் 850. நான்கு வாரம் என்று போட்டு 3,400 என்று எழுதுவார்கள், ஆனால் ஆண்டுக்கு 52 வாரம் என்பதால் மாதத்துக்கு ஏறத்தாழ 3,700. வண்டி 3,100, கார்டில் குறைந்தபட்சத் தொகை 2,500, மூன்று வட்டி 1,200, நகைக்கடனுக்கு ஆண்டு 9 சதவீதம் என்றால் எடுத்துவைக்க வேண்டியது 600. ஆக 11,100. இரண்டும் சேர்ந்து 33,300. பற்றாக்குறை 1,300 ரூபாய்.

பயம் பார்ப்பது 2,70,000 ரூபாயை. இந்த மாதம் அடைக்க வேண்டிய ஓட்டை 1,300. அது அடைபடாததால்தான் மாதாமாதம் புதுக் கடன் முளைக்கிறது. தீபாவளி, ஜூன் மாதப் பள்ளிச் செலவு, மொய் ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. போன வருடம் அவற்றுக்கு ஆனதைக் கூட்டி 12-ஆல் வகுத்து, அதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஓட்டை பெரிதாகும்தான், ஆனால் இப்போது அதற்கு ஓர் அளவு இருக்கிறது.

ஓட்டையை அடைக்கும்போது கை முதலில் போவது பாலுக்கும் மருந்துக்கும். அங்கே கை வைக்காதீர்கள். பார்க்க வேண்டியது வட்டியை. மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். அடகில் உள்ள அதே நகைக்கு இன்றைய தங்க விலையில் கூடுதல் தொகை தருவார்களா என்று வங்கியில் கேட்கலாம். 40,000 கிடைத்தால் அதற்கு மாத வட்டி 300தான். 1,200 கட்டிய இடத்தில் 900 மிச்சம். ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பணம் ஓர் இரவுகூட வீட்டில் தங்கக் கூடாது. தங்கினால் மறுநாள் காலை அதட்டுபவருக்குப் போய்விடும். அன்றே கொண்டுபோய்க் கொடுத்து, புரோநோட்டையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையையும் திரும்ப வாங்குங்கள். அசலும் வட்டியும் முழுதாகப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். குழுக் கடன் எட்டு, ஒன்பது மாதத்தில் முடியும். அப்போது விடுபடும் 3,700 நகைக்கடன் அசலுக்குப் போக வேண்டும்.

கார்டுக் கணக்கு இன்னும் கொடியது. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 50,000-க்கு 1,750. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. நீங்கள் கட்டும் 2,500-இல் அசலுக்குப் போவது 435 மட்டும். பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பாக்கி முழுவதையும் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 18 சதவீதம், 24 மாதம் என்று கிடைத்தால் தவணை ஏறத்தாழ 2,500, ஜி.எஸ்.டி. சேர்த்துத் தொடக்கத்தில் 2,630 வரை. செயலாக்கக் கட்டணம் தனி. ஏறக்குறைய அதே பணம்தான், ஆனால் இரண்டு வருடத்தில் கடன் முடிகிறது. கார்டை அன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தண்டலைப் பற்றிச் சுருக்கமாக. 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பதைக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் மீட்டர் வட்டியையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ எழுத்தில் மனு கொடுங்கள்.

இனி வரிசை. சாப்பாடு, வாடகை, மின்சாரம், மருந்து, பள்ளி முதலில். அடுத்து, தவறினால் பொருளே போய்விடும் கடன்கள்: நகை, பிழைப்புக்கான வண்டி. பிறகு வட்டி கூடியது. குழுக் கடன் சத்தமாக இருப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா கட்ட வேண்டிவரும். அதனால் தவறப்போகிற வாரத்தை முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுங்கள். அண்ணனிடமும் அப்படித்தான். "இப்போ முடியல, தை மாசத்துல இருந்து மாசம் ஆயிரம் தர்றேன்ணா" என்று ஒருமுறை முகம் பார்த்துச் சொல்லிவிட்டால், விசேஷ வீடுகளில் அவர் கண்ணில் படாமல் ஒளிய வேண்டியதில்லை.

இ.எம்.ஐ. தேதி சம்பளத்துக்கு முன்னால் இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பணமில்லாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்பினால், வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். இந்த மாதம் யாருடைய தவறும் இல்லாமல் சில நூறு ரூபாய் போயிருக்கும்.

வசூல் அழைப்பில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று. பேச்சு முடிந்தால் போதும் என்று, "நாளைக்கு முழுசா கட்டிடுறேன்" என்பார்கள். கட்ட முடியாது, அடுத்த அழைப்பு இன்னும் கடுமையாகும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: "12-ஆம் தேதி 1,500 கட்டுறேன். அதுக்கு மேல இந்த மாசம் முடியாது. இதை மெசேஜா அனுப்புங்க." அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். வங்கி, நிதி நிறுவன வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குழுக் கடன் போன்ற நுண்கடனுக்கு அது காலை 9 முதல் மாலை 6 வரை. மீறினால் தேதி, நேரம், எண்ணைக் குறித்துவைத்து முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தகவல் எண் 14448. கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ கேட்டால் அதைத் தொடவே வேண்டாம். படத்தை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டினால் பணம் கட்டாமல் சைபர் குற்றப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். கட்டினால் அடுத்த மிரட்டல் வரும்.

கணவனுக்கோ மனைவிக்கோ தெரியாத கடன் இருந்தால், இரவில் சண்டைக்கு நடுவே உடைக்காதீர்கள். "பணம் பத்தி ஒண்ணு சொல்லணும், ஞாயிற்றுக்கிழமை காலையில அரை மணி நேரம் வேணுங்க" என்று முதலில் நேரம் கேளுங்கள். அந்த அரை மணியில் தாளை நடுவில் வையுங்கள். கேட்பவர் அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: "ஏன் வாங்கினே" என்ற கேள்வியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைப்பது. முதல் நாளே அதைக் கேட்டால் தாளில் எழுதாத இன்னொரு கடன் வெளியே வராது.

தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, எரிச்சல், வேலையில் கவனம் நிற்காமை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலியைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், முதலில் இதயத்தைச் சோதிக்க வேண்டும். "நான் இல்லாட்டி கடனாவது தீரும்" என்ற பேச்சு வந்தால் அது வெறும் அலுப்பு அல்ல. அவரைத் தனியாக விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசின் சுகாதார உதவி எண் 104-லும் பேசலாம்.

மாத்திரை எழுதித் தந்திருந்தால் செலவு மிச்சம் என்று பாதியில் நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. பதற்றத்துக்கான பல மருந்துகள் வேலை செய்யவே சில வாரங்கள் எடுக்கும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம், அந்த நிலையில் எடுக்கும் பண முடிவுகள் மாத்திரை விலையைவிட அதிகம் பிடுங்கும். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். எதற்காகத் தூக்கம் போகிறது என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லச் சிரமப்படுபவர்களுக்கு, அதை நீட்டுவது எளிது.